கண் தெரியாத பிள்ளையின் கையில் ரம்பமா?

என் பேரன் நிதினுக்கு ஏழு வயசு. 29-ஆவது வாரத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவன் பிழைத்து வரவேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொள்ளாத தெய்வமில்லை. பிழைத்து வந்தான். பார்வைதான் முழுசாக வரவில்லை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். வலது கண்ணுக்குக் கனத்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டாலும் கைக்கெட்டுகிற தூரம்தான்.

என் பெண் கௌரி அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் இருக்கிறாள். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். 'ஓடாதே', 'தொடாதே', 'அங்கே படி இருக்கு' என்று நாள் முழுக்க அவள் குரல்தான் வீட்டில் கேட்கும். சாதத்தைப் பிசைந்து ஊட்டுவதும், சட்டைக்குப் பித்தான் போடுவதும் அவள்தான். நான் அங்கே போனால் எனக்கும் அதே வேலை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? குழந்தை ஒரு தடவை மேஜை முனையில் இடித்துக்கொண்டு நெற்றி வீங்கினபோது, மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2023 அக்டோபரில் நான் போயிருந்தபோது மாப்பிள்ளை, "அத்தை, இலையெல்லாம் நிறம் மாறுற சமயம். மலைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துடலாம், வாங்க" என்றார். காரில் மூணு மணி நேரத்துக்கு மேல் பயணம். மாநிலத்தின் மேற்குக் கோடியில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர். அதில் பூன் என்று ஒரு சின்ன ஊர். கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். தெருமுனையில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு மனிதர் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டே போனால், வெண்கலச் சிலை! நிஜ ஆள் அளவில், பீடம் கீடம் ஒன்றும் இல்லாமல், நம்மோடு பேச உட்கார்ந்த மாதிரி.

நிதின் என் கையை உதறிவிட்டுப் போய்ச் சிலையின் விரல்களைத் தடவ ஆரம்பித்தான். கிட்டாரின் கம்பி, கழுத்து, முகம் என்று ஒன்று விடாமல் தடவினான். "பாட்டி, இந்தத் தாத்தா விரல் எவ்ளோ பெருசு!" என்றான்.

"நிதின், அவருக்கும் கண் தெரியாது" என்றார் மாப்பிள்ளை.

கௌரி ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் பதித்திருந்த பலகையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெரியவரின் பெயர் டாக் வாட்சன். ஊர் திரும்பும் வரை எனக்கு அவர் நினைப்புதான். மாப்பிள்ளை நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து தந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். அந்த மலைநாட்டுச் சங்கீதம் எனக்கு முழுசாகப் பிடிபட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதரின் வீட்டுக் கதை இருக்கிறதே, அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

பெற்றோர் வைத்த பெயர் ஆர்தெல் லேன் வாட்சன். 1923 மார்ச் 3-ஆம் தேதி, பூனுக்குப் பக்கத்தில் டீப் கேப் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் ஆறாவது. அப்பாவின் பெயர் ஜெனரல் வாட்சன். பட்டாளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், பெயரே ஜெனரல்தான்! விவசாயம் செய்கிற ஏழைக் குடும்பம். கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்ணில் தொற்று வந்துவிட்டது. கண்ணின் ரத்த நாளங்களில் ஏற்கெனவே பிறவிக் குறை. அதன் மேல் இது. பார்வை போய்விட்டது. பென்சிலின் மருந்து மக்களுக்குக் கிடைக்க அதற்கப்புறம் இருபது வருஷம் ஆயிற்று.

இந்த இடத்தில் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் கண்ணில் சீழ் கட்டினாலோ, இமை வீங்கிச் சிவந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, மை இடுவது எதுவும் வேண்டாம். குழந்தை 34 வாரத்துக்கு முன்னால் பிறந்திருந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, கண் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் பிறந்து 30 நாளுக்குள் கண் மருத்துவரிடம் விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும். குறை இருந்தால் காலத்தில் லேசர் சிகிச்சையோ ஊசியோ செய்து பார்வையைக் காப்பாற்ற வழி உண்டு. மிகச் சின்னதாகப் பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டியிருக்கும். இதை அடித்துச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது.

வாட்சன் வீட்டுக்கு வருவோம். அம்மா ஆனி வீட்டு வேலை செய்துகொண்டே பாடுவாள். பக்திப் பாட்டு, பாட்டன் பூட்டன் காலத்துக் கதைப் பாட்டு எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்பா தேவாலயத்தில் பாட்டு நடத்துகிறவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பையனுக்கு ஒரு புது மவுத் ஆர்கன் வந்துவிடும். அவனுக்குப் பதினொரு வயசானபோது அப்பா தன் கையாலேயே ஒரு பான்ஜோ செய்து கொடுத்தார். பான்ஜோ என்பது வட்டமான கஞ்சிரா மாதிரி தோல் போர்த்தி, அதன்மேல் தந்தி கட்டின வாத்தியம். தோலுக்கு எங்கே போவது? வீட்டுக் கிழப் பூனை ஒன்று போய்ச் சேர்ந்திருந்தது. அதன் தோலையே இழுத்துக் கட்டிவிட்டாராம்! கேட்கும்போது நமக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தத் தோலில் நாதம் பிரமாதமாக வந்தது என்று டாக் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். இதை நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டால் உலகத்தில் பிழைக்க வழி கிடைக்கும் என்பது அப்பாவின் எண்ணம்.

அப்பா செய்த இன்னொரு காரியம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பையனுக்குப் பதினாலு வயசு இருக்கும். ராலி நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் அண்ணன் தம்பிகள் எல்லாரும் வயலில் வேலை செய்வார்கள். இவன் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் அப்பா வந்து அவன் கையில் ரம்பத்தின் ஒரு முனையைக் கொடுத்தார். பெரிய மரம் அறுக்கிற ரம்பம் அது. ஆள் நீளம் இருக்கும். ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்க வேண்டும்.

கண் தெரியாத பிள்ளை கையில் ரம்பமா என்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். அந்த ரம்பத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆள் இழுப்பார். அப்புறம் அந்தப் பக்கத்து ஆள் இழுப்பார். யாரும் தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு மடங்கிக்கொள்ளும். எதிராளி எப்போது இழுக்கிறார், எப்போது விடுகிறார் என்பது கைக்குத் தெரியும். கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை! அப்பா அதைக் கணக்குப் பண்ணித்தான் கொடுத்திருக்கிறார். தன்னாலும் ஒரு வேலை ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டதாக டாக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கொடுத்த பான்ஜோவுக்குச் சமமாக அந்த ரம்பத்தையும் வைத்துப் பேசினார்.

அதன் பலன் என்ன ஆயிற்று தெரியுமா? வயல் ஓரத்தில் நோய் விழுந்து பட்டுப்போன செஸ்ட்நட் மரங்கள் நின்றிருந்தன. அண்ணனும் தம்பியுமாக அவற்றை வெட்டி, தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு விற்றார்கள். அந்தக் காசில் டாக், சியர்ஸ் ரோபக் கம்பெனியிலிருந்து ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டார்.

அதற்கு முன்னாலேயே ஒரு கிட்டார் இருந்தது. இரவல் கிட்டார் ஒன்றை அவன் நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்பா, "நான் சாயங்காலம் திரும்புறதுக்குள்ள ஒரு பாட்டு வாசிக்கக் கத்துக்கோ, சனிக்கிழமை உனக்கொண்ணு வாங்கித் தரேன்" என்கிற அர்த்தத்தில் சவால் விட்டாராம். பையன் வாசித்துக் காட்டிவிட்டான். வேறு வழியில்லாமல் 12 டாலருக்கு வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் சொந்த உழைப்பில் வாங்கினது வேறு, இல்லையா?

'டாக்' என்ற பெயர் வந்த கதை வேடிக்கையானது. பத்தொன்பது வயசு வாக்கில் லெனோயர் என்ற ஊரில் ஒரு மரச்சாமான் கடையில் வானொலி நிகழ்ச்சி. ஆர்தெல் என்ற பெயர் வாயில் நுழையவில்லை, வேறு பெயர் வைக்கலாமே என்று அறிவிப்பாளர் யோசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெண், "டாக்னு கூப்பிடுங்க!" என்று குரல் கொடுத்தாள். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸின் தோழர் டாக்டர் வாட்சன் ஞாபகம் போலிருக்கிறது. அந்தப் பெயரே எழுபது வருஷம் நின்றுவிட்டது.

1947-இல் கல்யாணம். பெண் பெயர் ரோஸா லீ. அவளுடைய அப்பா கெய்தர் கார்ல்ட்டன் நல்ல ஃபிடில் வித்வான். ஃபிடில் என்றால் நம் வயலின்தான். 1949-இல் பிள்ளை மெர்ல் பிறந்தான், 1951-இல் பெண் நான்சி. குடும்பம் நடத்தப் பட்ட பாடு கொஞ்சமல்ல. பியானோவுக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்துச் சம்பாதித்தார். பூன் ஊர்த் தெருவில் நின்று கிட்டார் வாசித்து, போகிறவர் வருகிறவர் போடுகிற சில்லறையை வாங்கிக்கொண்டு வருவார். இன்றைக்குச் சிலை இருக்கிற அதே தெருதான்! வீட்டில் மின்சார ஒயர் வேலையைக்கூடத் தானே தடவிப் பார்த்துச் செய்துவிடுவாராம். தச்சு வேலையும் வரும்.

1953-இல் ஒரு வாத்தியக் குழுவோடு மின்சாரக் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தார். அங்கே ஒரு சங்கடம். ஆடுகிறவர்களுக்கு ஃபிடில் இசை வேண்டும்; குழுவில் ஃபிடில் வாசிக்க ஆளில்லை. ஃபிடிலில் வில் போகிற வேகத்தைக் கிட்டாரில் கொண்டுவர முடியுமா? டாக் கொண்டுவந்துவிட்டார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கும் சின்ன வில்லை ஒன்றினால் ஒற்றை ஒற்றை ஸ்வரமாகத் தட்டி, மழை கொட்டுகிற வேகத்தில் வாசித்தார். பிற்பாடு மின்சாரம் இல்லாத சாதாரண மரக் கிட்டாரிலும் அதையே செய்தார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். 'புளூகிராஸ்' என்பது 1940-களில் பில் மன்றோ என்ற மாண்டலின் வித்வானின் குழுவிலிருந்து வளர்ந்த சங்கீதம். அதில் மாண்டலினும் பான்ஜோவும் ஃபிடிலும்தான் முன்னால் வந்து ஜொலிக்கும். கிட்டார் பின்னால் நின்று தாளமும் சுருதியும் கொடுத்துக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டில் அடுப்படியை விட்டு வெளியே வராத அத்தை மாதிரி. அதைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்து உட்கார வைத்தவர்களில் முதன்மையானவர் டாக். அவருக்குப் பின்னால் வந்த கிளாரன்ஸ் வைட், டோனி ரைஸ் போன்ற புளூகிராஸ் கிட்டார் மேதைகள் எல்லாம் அவர் வழியில் வந்தவர்கள். அவர் தன்னை வெறும் புளூகிராஸ்காரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஊர்ப் பழம்பாட்டு, புளூஸ், பக்திப் பாட்டு எல்லாமே வாசிப்பார்.

1960-இல் ரால்ஃப் ரின்ஸ்லர் என்பவர் பழைய பாட்டுகளைப் பதிவு செய்ய மலைக்கு வந்து இவரைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே நியூயார்க்கில் கச்சேரி. 1963-இல் நியூபோர்ட் விழா, 1964-இல் தனி இசைத்தட்டு என்று வேகமாக ஏறிவிட்டார். அப்போது வயசு நாற்பது தாண்டியாயிற்று! ஆனால் மேடையில் கிடைத்த கைதட்டலைவிடப் பயணம்தான் அவரை வதைத்தது. ஊர் ஊராகத் தனியாகப் பஸ்ஸில் போவார். எந்தப் பஸ், எந்தப் படி, எங்கே கழிப்பறை என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருப்பவரின் தயவு. வீட்டு ஞாபகம் வேறு.

இங்கேதான் ரோஸா லீ வருகிறாள். 1964-இல் டாக் வெளியூரில் கச்சேரி செய்துகொண்டிருக்க, வீட்டில் பதினைந்து வயசுப் பிள்ளை மெர்லுக்கு அம்மாவே கிட்டாரில் கைவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அப்பா திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை வாசிக்கிறான்! அந்த ஜூன் மாதமே கலிஃபோர்னியாவில் பெர்க்லி இசை விழாவில் அப்பாவோடு மேடை ஏறிவிட்டான். கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்றே மாதம்தான் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் மெர்ல்தான் அவருக்குக் கண். வண்டி ஓட்டுவது, கச்சேரி ஏற்பாடு, பணக் கணக்கு, மேடையில் பக்கத்து நாற்காலி எல்லாம் அவனே. இரண்டு பேருமாக இரண்டு கிராமி பரிசு வாங்கினார்கள். ரோஸா லீ மேடைக்கு அதிகம் வந்தவளில்லை. ஆனால் 1963-இல் வெளிவந்த வாட்சன் குடும்ப இசைத்தட்டில் அவள் குரல் இருக்கிறது. டாக்கின் அம்மா ஆனியும், மாமனார் கெய்தரும்கூட அதில் இருக்கிறார்கள். கணவன் மனைவியில் ஒருவர் முந்திப் போய்விடுவதைப் பற்றி ரோஸா லீ ஒரு பாட்டுக் கட்டினாள். 'யுவர் லாங் ஜர்னி' என்று பெயர். பல வருஷம் கழித்து, 2007-இல் ராபர்ட் பிளான்ட்டும் அலிசன் கிராஸும் அதைப் பாடினார்கள். அந்த இசைத்தொகுப்புக்கு 2009-இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி கிடைத்தது. மாப்பிள்ளை அதைப் போட்டபோது எனக்கு வார்த்தைகள் பாதிதான் புரிந்தன. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. எழுந்து போய்ப் பால் பாத்திரம் கழுவினேன்.

1985 அக்டோபர் 23. ராத்திரி வேளை. மலைச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து மெர்ல் இறந்துபோனான். வயசு 36.

அதற்குப் பிறகு டாக் கிட்டாரைத் தொடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். அடக்கத்துக்கு முந்தின ராத்திரி ஒரு கனவு. இருட்டிலும் வெக்கையிலும் புதைமணல் மாதிரி எதிலோ அமிழ்ந்துகொண்டிருக்கிறார். ஒரு பலமான கை வந்து அவர் கையைப் பற்றி இழுக்கிறது. மெர்லின் குரல், உங்களால் முடியும், வாருங்கள் அப்பா என்கிறது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மறுபடி மேடை ஏறினார். பிற்காலத்தில் மெர்லின் மகன் ரிச்சர்டே தாத்தாவோடு உட்கார்ந்து வாசித்தான். 1999-இல் இருவரும் சேர்ந்து ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார்கள்.

மெர்ல் ஞாபகமாக வில்க்ஸ்போரோ ஊர்க் கல்லூரியில் ஒரு தோட்டம் போட நினைத்தார்கள். அதற்குப் பணம் திரட்ட 1988-இல் டாக் கச்சேரி செய்தார். அது 'மெர்ல்ஃபெஸ்ட்' என்ற விழாவாகி, ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிற திருவிழாவாக வளர்ந்துவிட்டது. விழாவைவிட அந்தத் தோட்டம்தான் என் மனசில் நின்றது. கண் தெரியாதவர்களும் அனுபவிக்கிற மாதிரி, தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் ஏற்ற செடிகளை வைத்திருக்கிறார்கள்.

பரிசுகளைக் கேட்பீர்களே! ஏழு கிராமி, 2004-இல் வாழ்நாள் சாதனைக்காக இன்னொன்று, 1997-இல் ஜனாதிபதி கிளின்டன் கையால் தேசியக் கலைப் பதக்கம். பூனில் சிலை வைத்தது 2011-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே. மக்களில் ஒருவன், அவ்வளவுதான் என்று எழுதினால் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். கௌரி திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது அதைத்தான். 2012 மே 29-ஆம் தேதி, 89 வயசில் காலமானார். அதே வருஷம் நவம்பரில் ரோஸா லீயும் போய்விட்டாள்.

நான் ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருந்தது. துணியெல்லாம் உலர்ந்து குவிந்து கிடந்தது. என் ஆறு கெஜப் புடவையை மடிக்க எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டுமே! கௌரி அடுப்படியில் வேலையாக இருந்தாள். "நிதின், இங்க வா" என்று கூப்பிட்டு, ஒரு முனையை அவன் இரண்டு கையிலும் கொடுத்தேன். "கரையைப் பிடிச்சுக்கோ. பாட்டி இழுத்தா நீயும் இழு. நான் விட்டா நீ கிட்ட வா."

கௌரி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "அம்மா, தடுக்கி விழுந்துடப் போறான்..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்திக்கொண்டாள்.

முதல் தடவை புடவை தரையில் விழுந்தது. இரண்டாம் தடவை கோணல். மூன்றாம் தடவை நான் சுருக்கு எடுக்க வெடுக்கென்று இழுத்தேன். அவனும் காலை ஊன்றி இழுத்தான் பாருங்கள், நான்தான் ஒரு அடி முன்னால் போய்விட்டேன்.

"பாட்டி, நீங்க சரியாவே பிடிக்கலை" என்றான்.